மெம்பர்ஷிப் கட்டினால் மிச்சமாகுமா? கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

கடைக்கோ ஆன்லைன் தளத்துக்கோ ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராகலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலோர் தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். கணக்கு தப்பிப்போவதும் அங்கேதான். கட்டணம் கட்டிய அன்றே கையை விட்டுப் போன பணம். தள்ளுபடியோ இனிமேல் செலவு செய்தால்தான் வரும். முதலாவது நிச்சயம், இரண்டாவது வீட்டின் பழக்கத்தைப் பொறுத்தது. அதனால் கடைக்காரர் நீட்டும் சலுகைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, சொந்த வீட்டு பில்களோடு உட்கார வேண்டும்.

கடந்த 3 மாத பில்கள் போதும். வங்கிக் கணக்கில் மொத்தத் தொகை மட்டுமே தெரியும் என்பதால் அது உதவாது. பொருள்வாரியான பில் வேண்டும். ஆன்லைனில் வாங்கியவை பழைய ஆர்டர் பக்கத்தில் வரிசையாக இருக்கும். அந்த 3 மாதத்தில் குறைந்தது இரண்டு முறை வாங்கிய பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒருமுறை மட்டும் வாங்கியது பட்டியலில் ஏறக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்புகள்: மாதம் எவ்வளவு தீர்கிறது, ஒரு அலகுக்கு இப்போது கொடுக்கும் விலை, மெம்பர்ஷிப் கடையில் அதே அலகின் விலை. பெட்டியில் அச்சடித்த விலையோடு ஒப்பிடுவது ஏமாற்று வேலை. இப்போது எங்கே மலிவாக வாங்குகிறீர்களோ, அந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அலகு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சமையல் எண்ணெயை ஒரு இடத்தில் லிட்டரிலும் இன்னொரு இடத்தில் கிலோவிலும் விற்பார்கள். 1 லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். லிட்டர் 100, கிலோ 108 என்று பார்த்தால் லிட்டர் பாக்கெட் மலிவு போலத் தோன்றும். கிலோ விலையை 0.91 ஆல் பெருக்கிப் பாருங்கள்: லிட்டருக்கு 98 தான் வருகிறது. கிலோ பாக்கெட்டே மலிவு. துணி துவைக்கும் திரவத்துக்கு லிட்டர் கணக்கே செல்லாது, எத்தனை துவைப்புக்கு வரும் என்பதே கணக்கு. ஒரு துவைப்புக்கு 50 மி.லி. கேட்கும் 2 லிட்டர் கேன் 40 துவைப்புக்கு வரும், 20 மி.லி. போதும் என்கிற 1 லிட்டர் அடர்திரவம் 50 துவைப்புக்கு வரும். பாதி அளவுள்ள பாட்டில்தான் அதிக நாள் ஓடுகிறது. டிஷ்யூ காகிதத்தை உருளைக் கணக்கில் எண்ணாமல் தாள் எண்ணிக்கையிலோ மீட்டரிலோ பாருங்கள். ‘பெரிய பொட்டலம் என்றாலே மலிவு’ என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. அதே கடையிலேயே நடுத்தர அளவுப் பொட்டலம் அலகுக்கு மலிவாக இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

பட்டியல் தயாரானதும் வகுத்தல் கணக்கு ஒன்றுதான் பாக்கி. ஆண்டுக் கட்டணத்தை உண்மையான தள்ளுபடி விகிதத்தால் வகுத்தால், அந்தக் கடையில் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கினால் போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். கட்டணம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் விகிதம் ஒன்றுதான். சராசரியாக 8 விழுக்காடு மிச்சமானால் ஆண்டுக்கு 15,000, அதாவது மாதம் 1,250 வாங்க வேண்டும். 5 விழுக்காடு என்றால் மாதம் 2,000. 3 விழுக்காடாக இறங்கினால் மாதம் 3,300க்கு மேல். இது போட்ட பணம் திரும்புவதற்கு மட்டும். லாபம் அதற்கு அப்பால்தான். இந்த மாதத் தொகையோடு ஒப்பிட வேண்டியது வீட்டின் மொத்தச் செலவை அல்ல. உங்கள் பட்டியலில் இருந்து, அந்தக் கடையிலும் கிடைத்து, அங்கே மலிவாகவும் இருக்கிற பொருள்களின் மாதச் செலவை மட்டுமே ஒப்பிட வேண்டும். பட்டியலில் 30 பொருள் இருந்தால் இந்த மூன்று நிபந்தனையிலும் தேறுவது 10 கூட இல்லாமல் போகலாம்.

கடை தூரமாக இருந்தால் போக்குவரத்தையும் சேருங்கள். போய்வர 40 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 480 கிலோமீட்டர். அதற்கான எரிபொருளைக் கட்டணத்தோடு கூட்டிவிட்டு மறுபடி வகுங்கள். வேறு வேலைக்கு அந்தப் பக்கம் எப்படியும் போகிறவர்களுக்கு இது வேண்டாம்.

மெம்பர்ஷிப் எல்லாம் ஒரே வகை என்று நினைப்பதாலும் குழப்பம் வருகிறது. கிடங்கு போன்ற பெரிய இடத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் கிடங்குக் கடை வகையின் தொடக்கம் 1976இல், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சோல் பிரைஸ் திறந்த பிரைஸ் கிளப். 1983இல் சியாட்டிலில் வந்த காஸ்ட்கோவும் அதே பாணி. 1993இல் இரண்டும் இணைந்தன. காஸ்ட்கோ கடையில் பொருள் வகைகள் ஏறத்தாழ 4,000 மட்டுமே. ஒரு சாதாரண சூப்பர்மார்க்கெட்டில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். வகையைக் குறைத்து, பெரும் அளவில் கொள்முதல் செய்து, பொருளின் மேல் குறைந்த லாபம் வைத்து விற்கிறார்கள். கம்பெனியின் லாபத்தில் பெரும் பங்கு உறுப்பினர் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஆகவே கட்டணம் கட்டினால் விலை உண்மையிலேயே குறைவாக இருப்பதற்கு அங்கே ஒரு வணிகக் காரணம் இருக்கிறது.

டெலிவரி வகை வேறு. 2005 பிப்ரவரியில் அமேசான் பிரைமைத் தொடங்கியபோது விற்றது வேகத்தை: ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் எத்தனை ஆர்டர் போட்டாலும் இரண்டே நாளில், தனிக் கட்டணம் இல்லாமல் வீட்டுக்கு வரும். இந்த வகையில் பொருளின் விலை குறைய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. உங்கள் பணத்துக்குக் கிடைப்பது, ஆர்டர் போடும்போது இருந்த ஒரு தயக்கம் நீங்குவதுதான். சிக்கனமாக வாழ்கிறவருக்கு அந்தத் தயக்கம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். டெலிவரிக் கட்டணம் வண்டிக்குப் போட்ட பிரேக் மாதிரி. சின்னப் பொருளுக்கு 50 கூலி கொடுக்க மனம் ஒப்பாமல், ‘அடுத்த ஆர்டரோடு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று கூடையிலேயே விட்டுவைக்கிறோம். நாலு நாள் கழித்துப் பார்க்கும்போது அதில் பாதி தேவையில்லை என்று தெரிகிறது. மெம்பர்ஷிப் வந்ததும் அந்தப் பிரேக் போய்விடுகிறது. ஒரு பேனா ரீஃபில், ஒரு சார்ஜர் ஒயர், ஒரு டப்பா மூடி என்று தனித்தனியாக வீடு வந்து சேர்கின்றன. ஆப்பின் ஒரு மூலையில் ‘இந்த ஆண்டு நீங்கள் சேமித்தது’ என்று ஒரு பெரிய எண் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கும்.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 40 ஆர்டர். ஆர்டருக்கு 50 வீதம் 2,000 மிச்சம் என்று ஆப் சொல்கிறது. கட்டணம் 1,200 போக 800 லாபம் என்று தோன்றும். பழைய ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிய ஆர்டர்கள் 14 என்றால், அவை மெம்பர்ஷிப் இல்லாவிட்டாலும் இலவசமாகவே வந்திருக்கும். மீதி 26. அதில் ஒரு வாரம் பொறுத்திருந்தால் வேறொரு பெரிய ஆர்டரோடு சேர்த்திருக்கக்கூடியவை 12. மீதி 14. அதில் வாங்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறவை 5. மிஞ்சுவது 9 ஆர்டர், அதாவது 450. கட்டணத்தைக் கழித்தால் 750 நஷ்டம். அந்த 5 வேண்டாத பொருளின் விலை தனி. எண்கள் வீட்டுக்கு வீடு மாறும், கழிக்கும் வரிசை இதுதான்: முதலில் எப்படியும் இலவசம், அடுத்து சேர்த்திருக்கக்கூடியது, கடைசியில் தேவையற்றது. முன்பே உறுப்பினராக இருப்பவர் அரை மணி நேரத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.

சில நிமிடங்களில் கொண்டுவந்து தரும் சேவைகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. டெலிவரி இலவசம் என்று சொல்லிவிட்டு, கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், நெரிசல் நேரக் கட்டணம் என்று வேறு பெயர்களில் பில்லின் அடியில் சேர்ப்பார்கள். மெம்பர்ஷிப் இவற்றில் எதை நீக்குகிறது என்பதை விளம்பரத்தில் தேடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முந்தைய திரையில் கடைசி வரி வரை படித்தால்தான் தெரியும்.

மொத்தமாக வாங்கும் இடத்தில் மிச்சத்தை விழுங்குவது குப்பைக்கூடை. 20 விழுக்காடு மலிவு என்று வாங்கி ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால் மிச்சம் சுத்தமாகப் பூஜ்யம்: 80க்கு வாங்கியதில் பத்துக்கு எட்டுப் பங்குதான் பயன்பட்டது என்றால், பயன்பட்ட அலகின் விலை 80ஐ 0.8 ஆல் வகுத்தால் வரும் 100. 25 விழுக்காடு மலிவாக வாங்கிப் பத்தில் ஒரு பங்கு வீணானால், கைக்கு நிற்பது 17 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே எதை மொத்தமாக வாங்கலாம் என்பதைத் தள்ளுபடியை வைத்து முடிவு செய்யக்கூடாது, கெடும் வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை, உப்பு, சோப்பு, காகிதப் பொருள்கள், அல்கலைன் பேட்டரி ஆகியவற்றை ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் பயமில்லை. தவிடோடும் முளையோடும் சேர்த்து அரைத்த முழு தானிய மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் காறல் வாடை சீக்கிரம் வந்துவிடும். தவிடு நீக்கிய மாவு அதைவிட நாள் தாங்கும். தவிட்டரிசிக்கும் தீட்டிய அரிசிக்கும் இடையே உள்ள வித்தியாசமும் இதேதான். முந்திரி, பாதாம் போன்ற பருப்புக்கொட்டைகள், அரைத்த மசாலாத் தூள்கள் பெரிய பொட்டலத்துக்கு ஏற்றவை அல்ல. குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் கெடாது என்று நினைப்பார்கள். நிறமும் மணமும் மாறாமலே அதன் வீரியம் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதத்துக்கு மேல் தேக்கி வைக்க வேண்டாம்.

கெடாத பொருளிலும் ஒரு கசிவு உண்டு. கேன் பெரிதாக இருந்தால் கை தாராளமாகிறது. மூடி நிறைய ஊற்றுவது எளிது, மூடிக்குள் இருக்கும் கோடு கண்ணில் படாது. பெரிய கேன் வாங்குகிறவர்கள் ஒரு பழைய சிறு பாட்டிலில் வாராவாரம் நிரப்பிக்கொண்டு அதிலிருந்து எடுத்தால் அளவு கட்டுக்குள் நிற்கும். கேனைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். முன்பு 40 நாள் ஓடிய அளவு இப்போது 30 நாளில் தீர்ந்தால், தள்ளுபடி போன வழி தெரிந்துவிடும்.

கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாமல் சுழற்றிக்கொண்டிருப்பவர்கள் மொத்தக் கொள்முதல் பக்கமே போகக்கூடாது. 10 விழுக்காடு மலிவு என்று 6 மாதச் சரக்கை வாங்கினால், அது மெல்ல மெல்லத் தீர்வதால் பணம் சராசரியாக 3 மாதம் சரக்கில் முடங்கியிருக்கும். மாத வட்டி 3 விழுக்காடு என்றால் அந்த மூன்று மாதத்துக்கு 9 விழுக்காடு, அதாவது 100 மதிப்புள்ள சரக்குக்குக் கொடுத்த 90இல் 8க்கு மேல். மிச்சம் இரண்டுகூட இல்லை. உறுப்பினர் கட்டணத்தைச் சேர்த்தால் கையைக் கடிக்கும்.

கட்டணம் கட்டிய பிறகு வரும் ஆபத்து மனம் சார்ந்தது. ‘பணம் கட்டியாச்சு, வசூல் பண்ணாமல் விடக்கூடாது’ என்ற எண்ணத்தில் கடைக்குப் போவது கூடும். போனால் வண்டி நிறையும். கட்டிய கட்டணத்தைக் கூடுதலாகப் பொருள் வாங்கித் திரும்பப் பெற முடியாது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பொருளில் விலை குறைந்தால் மட்டுமே அது திரும்புகிறது. மற்றொன்று, உறுப்பினரானதும் வேறு கடையில் விலை கேட்பதையே விட்டுவிடுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலின் முதல் 10 பொருள்களுக்கு மட்டும் வெளிவிலை பார்த்துத் தாளில் திருத்துங்கள். பத்தில் நாலு வெளியே மலிவாகிவிட்டதென்றால், வகுத்தல் கணக்கை மறுபடி போட வேண்டிய நேரம்.

கேஷ்பேக்குக்காக உயர்தரத் திட்டத்துக்கு மாறச் சொல்லும்போதும் அதே வகுத்தல்தான். கூடுதல் கட்டணம் 600, கூடுதலாக 2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 30,000 வாங்கினால்தான் சமன், அதாவது மாதம் 2,500. அதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: கேஷ்பேக்குக்கு உச்சவரம்பு உண்டா, பணமாக வருமா அல்லது அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பனா, எத்தனை நாளில் காலாவதியாகும். கூப்பனாக வந்தால் அதை முழுப் பணமாக எண்ண வேண்டாம்.

கூடவே வரும் படம், பாட்டு, விளையாட்டுச் சந்தாக்களைக் கணக்கில் சேர்க்க ஒரே ஒரு நிபந்தனை: அவற்றுக்கு ஏற்கெனவே தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்து, இதை வாங்கியதும் அதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அதன் மதிப்பு பூஜ்யம்.

இலவச மாதிரிக் காலத்தில் சேர்வது தவறல்ல, அதைச் செய்யும் முறை இருக்கிறது. சேர்ந்த அன்றே முடியும் தேதிக்கு 3 நாள் முன்பாக ஃபோனில் நினைவூட்டல் வையுங்கள். கடைசி நாள் வரை காத்திருந்தால் நேர வித்தியாசத்தில் பணம் பிடித்துவிடுவார்கள். சில இடங்களில் இப்போதே ரத்து செய்தாலும் காலம் முடியும் வரை சலுகை ஓடும். சில இடங்களில் அந்த நொடியே நின்றுவிடும். ரத்துத் திரையில் ‘இந்தத் தேதி வரை’ என்று காட்டினால் முதல் வகை. ரத்து செய்தபின் வரும் உறுதிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘நிறுத்திவைக்கவா’, ‘பிறகு நினைவூட்டவா’ என்ற பொத்தான்கள் ரத்து அல்ல. இப்படியான அலைக்கழிப்பு கற்பனைப் பயமல்ல: அமேசான் பிரைமில் சேர்ப்பதும் விலக்குவதும் நடந்த விதத்துக்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் ‘இலியட்’ என்று, ஹோமரின் நீண்ட காவியத்தின் பெயரையே வைத்திருந்தார்கள் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

கார்டில் தானியங்கிப் பிடித்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு மெம்பர்ஷிப் முடிந்ததாக நினைப்பது இன்னொரு தவறு. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தால் பாக்கி ஏறும். முதலில் மெம்பர்ஷிப்பை ரத்து செய்து உறுதி வந்த பிறகுதான் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். கட்டிய பணம் திரும்புமா என்றும் கேளுங்கள்: காஸ்ட்கோ போன்ற இடங்களில் திருப்தி இல்லையென்றால் கட்டணத்தைத் திருப்பித் தருவதே விதி, கேட்பவர்கள்தான் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இது தாராளமாகக் கட்டுப்படியாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டயப்பர் ஒன்றே கட்டணத்தைத் திருப்பிவிடும். துண்டுக்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், அடுத்த அளவுக்குக் குழந்தை வளர்ந்துவிடும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் தேக்காதீர்கள். நடமாட முடியாதவர்களுக்கும், கடை வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கும் டெலிவரிக் கட்டணம் பிரேக் இல்லை, தண்டம். அவர்களுக்கு மெம்பர்ஷிப் நியாயமான செலவு. டயர், மூக்குக்கண்ணாடி போன்ற ஒரே பெரிய செலவில் ஓராண்டுக் கட்டணம் திரும்பினால் அந்த ஓராண்டுக்கு மட்டும் சேரலாம்.

அப்படிச் சேரும்போது மாதத் திட்டமா, ஆண்டுத் திட்டமா என்பதையும் வகுத்துப் பாருங்கள். மாதம் 150, ஆண்டுக்கு 1,200 என்றால் எல்லை 8 மாதம். வீடு மாறும் மாதம், பள்ளி திறக்கும் மாதம் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் தேவைப்படுகிறவருக்கு மாதத் திட்டமே போதும். ஆண்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் முடியும் மாதத்தில் கெடாத பொருள்களை மட்டும் நாலைந்து மாதத்துக்கு நிரப்பிக்கொண்டு, புதுப்பிக்காமல் விட்டுப் பார்க்கலாம். மீண்டும் சேர வேண்டும் என்று தோன்றுவதற்கு எத்தனை மாதமாகிறது என்பதைத் தாளில் குறித்துவையுங்கள். அடுத்த முறை எந்தத் திட்டம் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.